கைப்பிடி இல்லாத கட்டில்

காலை எட்டு நாற்பது. நர்சிங் கல்லூரி வாசலில் முதலில் கண்ணில் பட்டது பேனர்: 'வளைகுடா லைசென்ஸ் பரீட்சையில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி'. கீழே வெள்ளைக் கோட்டு போட்ட பெண்களின் படங்கள். துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகளின் தூசி கடைசி வரிசை முகங்களை மறைத்திருந்தது.

அடுத்த பேனரில் என் தங்கைக்கு இடம் உண்டா என்று பேசத்தான் முதல்வர் எங்களை அழைத்திருந்தார். தங்கை அங்கே படித்தவள். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக நர்ஸ். பழைய மாணவிகளுக்குக் கல்லூரியே பயிற்சி கொடுத்து லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பும். அதற்கு முன் கல்லூரி வைக்கும் தேர்வில் தேற வேண்டும். தங்கை தேறவில்லை.

"இந்தத் தடவ விட்டுரும்மா. ஒருத்தி பெயிலானாலும் நம்ம ரிசல்ட் அடிபடும்லா" என்றார் முதல்வர்.

நான் நாளிதழில் வேலை பார்ப்பவள். "நூறுங்கிறது எழுதினவங்கள்லயா, படிச்சவங்கள்லயா மேடம்?" என்று கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தங்கை என் காலை மிதித்தாள்.

"இன்னொரு வாட்டி டெஸ்ட் வைங்க மேடம். அதுலயும் போச்சுன்னா நானே நின்னுக்கிடுதேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

கல்லூரியில் வாங்கி வந்த விடைத்தாளை வீட்டில் பார்த்தோம். நோய், மருந்து, அளவு எல்லாம் சரி. 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விகளில்தான் சறுக்கியிருந்தாள். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் ஆக்ஸிஜன் என்று எழுதியிருந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதுதான் சரியான விடை.

"இது தெரியாதா ஏளா?"

"தெரியும்க்கா. எங்க வார்டுல கட்டிலத் தூக்குத கைப்பிடி எங்க இருக்கு? நாற்காலி ஒண்ணத் தேடிப் புடிச்சு, கவுத்தி, மெத்தைக்கு அடியில சொருகணும். அதுவரைக்கும் அந்த ஆளு தாங்குவாரா? ஆக்ஸிஜன்தான் பக்கத்துல நிக்கும்."

மற்ற தவறுகளும் இதே மாதிரிதான். இருப்பதை வைத்து வேலையை முடித்துப் பழகிய கை அது.

வழியை அவளே கண்டுபிடித்தாள். "எல்லாம் இருக்குத ஆஸ்பத்திரின்னு நெனச்சு எழுதணும்." அந்த வாரம் அவள் யூனிபார்ம் தேய்க்க, நான் கேள்வி வாசித்தேன்.

"கைப்பிடி இருக்கா?"

"இருக்கு. புதுசு, எண்ணெ போட்டது!"

"ஏளா, அந்த ஆஸ்பத்திரியில எனக்கும் ஒரு கட்டில் சொல்லி வை" என்றாள் அம்மா, சாளை மீனின் செதிலைச் சுரண்டியபடி.

சனிக்கிழமை தேறினாள். பிறகு மதுரைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்து லைசென்ஸ் பரீட்சையும் எழுதினாள். முடிவு அவள் போனில் வந்தது: தேர்ச்சி. எத்தனையோ தேர்ச்சிச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். எதையும் இரண்டாம் முறை படித்ததில்லை. இதைப் படம் எடுத்து ஆபீசில் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் காட்டினேன்.

மறுநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டு வார்டுக்குப் போய், அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓரத்துக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. தங்கை ஓடிப்போய்க் குனிந்து, கட்டிலின் கால்மாட்டில் கையை விட்டுக் கைப்பிடியைத் துழாவினாள். நிமிர்ந்தாள்.

"அக்கா, எந்தி. அந்த நாற்காலிய இங்கன குடு."

எழுந்து கொடுத்தேன். கவிழ்த்து மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டு ஆக்ஸிஜனைத் திறந்தாள். பெரியவர் சாய்ந்து உட்கார்ந்தார்.