ஹவுகெட்டோவில் கொதிக்கும் மண்சட்டி

ஒஸ்லோவின் தெற்கே, ஹவுகெட்டோவில் சுமதி அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவுக்கு விடாத இருமல். சீனப் பெண்ணான மருமகள் லின் கசாயம் காய்ச்சுகிறாள். இந்த வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி சூடேறாது என்று அக்கா இதற்கென்றே சின்ன மின்னடுப்பு வாங்கி வைத்திருக்கிறார். சட்டிக்குள் அதிமதுரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்த முகம்.

லின் வடித்து முடித்ததும், உதவுகிறேன் பேர்வழி என்று சக்கையைக் கொட்டப் போகிறேன். சென்னையில் அதுதானே வழக்கம்.

"ஐயோ, கொட்டாதேங்கோ! இன்னொருக்கா அவிக்க வேணும். ரெண்டையும் கலந்துதான் மாமிக்குக் குடுக்கிறது," என்கிறாள் லின், அக்கா பேசும் அதே சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

மறுபடி கொதிக்கிறது. நெடி மாடிப்படிவரை போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கதவைத் தட்டுகிறார். அக்கா அவர் மொழியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு நிமிர்ந்து வருகிறார்.

"என்னக்கா கேட்டார்?"

"என்ன மணம் எண்டு கேட்டவர். எங்கட வீட்டுக் கசாயம் எண்டு சொன்னனான்."

"சீனக் கசாயம்னு சொல்லலையா?"

"ஏன் சொல்ல? காய்ச்சிறது ஆர்? என்ர மருமகள்."

கசாயத்தை ஊற்றச் சொல்லி, அக்கா லின் முன்னால் கோப்பையை நீட்டுகிறார்.