மெர்போக்குக்கு வைத்த தண்ணீர்

முதல் நாள்

நகராட்சியில் கொசு எண்ணெய் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பாத்திரம் கழுவின தண்ணீரை என் தலையில் கொட்டினார்கள். காஜா பெராங்கில் ஒரு வீட்டுக்குப் பின்னால், லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய் ஓரம் குனிந்து பம்பை அழுத்திக்கொண்டிருந்தேன். சன்னலிலிருந்து ஒரு அம்மா மலாயில் கத்தினார். "என் கிணத்துல எண்ணெய் ஊத்த வந்தியா? போ!"

எங்கள் வேலையை மேய்க்கும் மண்டோர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னடா மணியம், வந்ததும் வராததுமா மாண்டி ஆச்சா? குளிக்கச் சோப்பும் கேட்டு வாங்கியிருக்கலாமே!"

மண்டோருக்குச் சிரிப்பு. எனக்கு வேலை நடக்கவில்லை. ஒரு வீட்டிலும் கேட்டைத் திறக்கமாட்டார்கள். எண்ணெய் நாற்றம், கிணறு கெட்டுவிடும் என்ற பயம். காக்கிச் சட்டை போட்ட ரப்பர் தோட்டத்துத் தமிழன் உள்ளே எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. தெருவில் காய்ச்சல் மட்டும் குறையவில்லை.

கேட் திறந்த விதம்

கம்போங் செட்டியில் ஒரு வீட்டு முன்னால் உயரமான கம்பம். அதன் உச்சியில் கூண்டு, கூண்டுக்குள் மெர்போக். புறா ஜாதிதான், உள்ளங்கை அளவு இருக்கும். தோட்டத்தில் இதற்குக் கண்ணி வைத்து வளர்ந்தவன் நான். பம்பை இறக்கி வைத்துவிட்டு நின்று அதன் குரலைக் கேட்டேன்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். பெயர் ஆறுமுகம் பிள்ளை, தச்சு வேலை செய்பவர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த செட்டி மக்கள் தமிழ் வழி வந்தவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன பாக்கற?"

"முன் குரல் நல்லா இருக்கு. கடைசிக் குரலை முழுங்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார்.

அப்படித்தான் மெர்போக் வளர்க்கிறவர்களின் கூட்டத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துக் காலி நிலத்தில் கம்பங்கள் நட்டு, கூண்டுகளை ஏற்றி, கீழே குந்திக் கேட்டுக்கொண்டிருப்போம். பக்கத்து வீதி பாக் மான் வருவார், அவர் மலாய்க்காரர். காப்பிக்கடைச் சீனர் அ செங் வருவார். மெர்டேகா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் கூண்டுக் கம்பங்களிலேயே கொடியும் கட்டினோம்.

பிள்ளையை நான் சீண்டுவேன். "சாமி பேரெல்லாம் நம்ம பேரு. திட்டறது மட்டும் மலாய்லயா?"

"திட்டினா திட்டு வாங்கறவனுக்குப் புரியணும்ல?" என்பார்.

நிலத்தின் ஓரமாக ஓடிய லோங்காங் நாறியதால் ஒரு நாள் எல்லாருமே மண்வெட்டி எடுத்தோம். அடுத்த வாரம் பாக் மான் வீதி, அதற்கடுத்த வாரம் அ செங் கடைக்குப் பின்பக்கம். பறவை கேட்க வந்தவர்கள் கால்வாய் வெட்டினார்கள். தலையில் தண்ணீர் கொட்டிய அம்மாவே காப்பி கொடுத்தார். நான் எண்ணெய் அடிக்கப் போனால் கேட்டுகள் தானாகத் திறந்தன.

பிள்ளையின் மூத்த மகள் லெட்சுமி. ஒன்பது வயசு இருக்கும். மெர்போக்குக்குத் தினமும் தண்ணீர் மாற்றுவது அவள் வேலை. என்னை "மாமா மின்யாக்" என்று கூப்பிடுவாள், எண்ணெய் மாமா. "மாமா மின்யாக், உங்க மேல கொசுவே உக்காராது, அவ்வளவு நாத்தம்!"

ஒவ்வொரு வீட்டிலும் கேட்பேன், "உள்ளே தேங்கின தண்ணி ஏதும் இருக்கா?" "இல்லவே இல்ல" என்பார்கள். பிள்ளையும் அப்படித்தான் சொன்னார்.

பின்கட்டு

லோங்காங் எல்லாம் சுத்தமாக ஓடிய நேரத்தில்தான் புதுசாக ஒரு காய்ச்சல் வந்தது. லெட்சுமி எலும்பு வலிக்கிறது என்று அழுதாள். பிறகு ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, காய்ச்சல் வந்த வீடுகளை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. பிள்ளை வீட்டுக்கு நானே போனேன். வேறு ஆளை அனுப்ப மனசில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் இருட்டு மூலையில் இடுப்பளவு மண் ஜாடி. வாயில் மெல்லிய துணி. துணியைத் தூக்கினேன். காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் எழுந்தன. தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்தன.

மெர்போக் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைத் தண்ணீரைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் பல நாள் வைத்து, அந்தத் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். பழகின தண்ணீர் குடித்தால் குரல் இனிக்கும், பச்சைத் தண்ணீர் தொண்டையைக் கெடுக்கும் என்று நம்பினார்கள். வாரா வாரம் என்னோடு பறவையைப் பற்றிப் பேசினவர்கள் ஜாடியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பிள்ளை பின்னால் வந்து நின்றார். "லோங்காங்ல தானே மணியம் கொசு? இது மழைத் தண்ணி. சுத்தமானது."

"இந்தக் கொசுவுக்குச் சுத்தமான தண்ணிதான் வேணும், பிள்ளை."

அவர் ஜாடியைப் பார்த்தார். பிறகு, "நீ பார்த்தா எண்ணெய் ஊத்தியாகணும். ஊத்தினா நாம கூட்டாளி இல்ல. அதான் காட்டல" என்றார்.

ஜாடியைச் சாய்க்கக் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். அவ பிடிச்ச தண்ணி. அவ கை பட்டது இதுதான் மிச்சம்."

என் வேலைப்படி கேட்கத் தேவையில்லை, கவிழ்க்கலாம். ஆனால் அவர் பிடியை உதற முடியவில்லை. உள்ளே தொட்டிலில் அவருடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னால் பிள்ளை கேட்பார் என்று ஓடிப்போய் பாக் மானைக் கூட்டி வந்தேன்.

பாக் மான் ஜாடிக்குள் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வீட்லயும் இருக்கு, பிள்ளை. பேரப்பிள்ளைங்க படுக்கிற அறைக்குப் பக்கத்துல. இவன் கேட்டப்போ இல்லன்னு சொன்னேன்."

அப்போது பிள்ளையின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையை பாக் மான் மடியில் இறக்கினார். இரண்டு கையாலும் ஜாடியை அணைத்தபடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சாய்த்தார். தண்ணீர் எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. பிள்ளை ஈரத் தரையில் உள்ளங்கையை வைத்துக் குந்தினார். அவர் அழுத சத்தம் வீதி வரைக்கும் கேட்டது.

கற்றது

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூண்டு கொண்டுவரவில்லை. பாக் மானும் அ செங்கும் வீடு வீடாகப் போனார்கள். காக்கிச் சட்டையோடு நான் போயிருந்தால் வெளியே வராத ஜாடிகள் எல்லாம் வெளியே வந்தன. அந்தக் காய்ச்சல் எங்கள் வீதிகளில் அடங்கியது. கூட்டம் மறுபடி கூடியது, ஆனால் பழைய கலகலப்பு இல்லை. பிள்ளை வரவே இல்லை. மெர்போக்கை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

ஒரே விஷயம் பிடித்துப்போனால் வேற்று மனிதர்கள் சேர்ந்து உட்காருவார்கள், சேர்ந்து சாக்கடையும் வெட்டுவார்கள். நீங்களும் அப்படிக் கூட்டம் சேருங்கள், நல்லதுதான். ஆனால் கூட்டாளி மனசு நோகும் என்று பின்கட்டை மறைத்தால், கூட்டாளி இருந்தும் இல்லாத மாதிரி. இதைச் சொல்ல எனக்கு ஒரு குழந்தையின் சாவு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகும் நான் அந்த வீதிக்கு எண்ணெய் அடிக்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆறுமுகம் பிள்ளை பேசமாட்டார். முன்னால் நடந்து என்னை நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிப் போவார். வாளி, அண்டா, பானை, ஒவ்வொன்றின் மூடியையும் தூக்குவார். நான் குனிந்து பார்த்துச் "சரி" என்று சொல்லும்வரை மூடியைக் கையில் பிடித்தபடி நிற்பார்.