அம்புஜத்துக்கு முளைத்த மீசை

அம்புஜம் கார் ஓட்டினால் வழி நெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவாள். ஆட்டோக்காரன் குறுக்கே பாய்ந்து இவளைத் தூக்கிவாரிப் போட வைத்தாலும் இவள்தான் கையைத் தூக்கி "சாரி" என்பாள். பைக்கில் போகிறவன் பக்கக் கண்ணாடியை இடித்து மடக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் கொஞ்சம் ஒதுங்கியிருக்கணும்" என்பாள். பஸ்காரர்களுக்கு அவளுடைய பழைய வெள்ளை மாருதி கண்ணிலேயே படாது. சிக்னலில் பச்சை விழுந்து கண் சிமிட்டுவதற்குள் பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பும். யாராவது ஒரு பையன் பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, மனேல இர்ரி" என்று, வீட்டிலேயே இருக்கும்படி கன்னடத்தில் அறிவுரை சொல்லிவிட்டுப் போவான். அவனுக்கும் ஒரு சாரி.

பெங்களூர் அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. "சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் குரலே பஞ்சாகிப் போயிருந்தது. அரசு வேலையில் ஓய்வு பெற்ற கணவர் சுந்தரேசனுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், இல்லாத பிரேக்கை மிதித்தபடி, "ஓரமா போ அம்புஜம், ஓரமா போ" என்பார். ஓரம் முடிந்து சாக்கடை தொடங்கும் வரைக்கும் அவள் போவாள்.

அவளுடைய தம்பி கிஷோர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தான். ஆபீசுக்குக் கம்பெனி கேபில் போய்வருகிறவன், சனி ஞாயிறுகளில் மலை ஏறுவதற்கென்று ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வாங்கினான். கன்னங்கரேலென்று யானைக்கன்று மாதிரி இருக்கும். கறுப்புக் கண்ணாடி வழியே உள்ளே இருக்கிறவர் நிழலாகத்தான் தெரிவார். கோலார் பக்கத்தில் யாரோ ஒரு கட்சிக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. பானட்டின் மூலையில் கொடி கட்டுகிற சின்னக் கம்பி இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கினால் ஓட்டை விழும் என்று கிஷோர் அப்படியே விட்டுவிட்டான். அவனைக் கம்பெனி சில மாதங்களுக்கு ஜெர்மனிக்கு அனுப்பியபோது சாவியை அக்காவிடம் கொடுத்தான்.

"சும்மா நின்னா பேட்டரி போயிடும்க்கா. அப்பப்ப ஒரு ரவுண்டு எடு. கியர் எல்லாம் கிடையாது. D போட்டா அதுவே போகும்."

"பின்னால போறதுக்கு?"

"R போட்டுட்டு முன்னாடி இருக்கற ஸ்கிரீன்ல பாரு."

பின்னால் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவேயில்லை. ஒரே ஒரு முறை முயன்றாள். திரையில் கோடுகள் வளைந்தன, வண்டி அலறியது, இவளும் அலறினாள். தம்பியின் அடுக்குமாடிக் கட்டடம் இரண்டு தெரு தள்ளி. அங்கே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி பார்க்கிங் இருந்ததால் ரிவர்ஸ் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை மாருதியின் கிளட்ச் வயர் அறுந்து, அது மெக்கானிக்கிடம் போயிற்று. அம்புஜம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கறுப்பு வண்டியில் ஏறினாள்.

முதலில் கண்ணில் பட்டது மற்ற கார்களின் கூரை. தொம்மலூரில் பாதிப் பேர் கார் கழுவும்போது கூரையைத் தொடுவதே இல்லை என்று தெரிந்தது. காக்கை எச்சத்தோடு எவ்வளவு பெரிய கார்களெல்லாம் போகின்றன! அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தாள். அவளைச் சுற்றி இடம் இருந்தது. இந்திராநகர் நூறடி ரோட்டில், காலை வேளையில், முன்னும் பின்னும் இடம். ஆட்டோ ஒன்று குறுக்கே பாய மூக்கை நீட்டியது, கறுப்பைப் பார்த்தது, நத்தை மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது. யாருக்கும் அடங்காத தண்ணீர் லாரி ஒன்று, சந்திலிருந்து வந்தது, நின்றது. பச்சை விழுந்த பிறகு வேண்டுமென்றே ஒரு மூச்சு தாமதித்துப் பார்த்தாள். பின்னால் ஒரு ஹாரன் இல்லை.

அல்சூர் திருப்பத்தில் போக்குவரத்துக் கான்ஸ்டபிள் கொடிக்கம்பியைப் பார்த்தார். குறுக்கே வந்த வண்டிகளை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் சல்யூட் அடித்தார். அம்புஜம் பழக்க தோஷத்தில் "சாரி" என்று கையைத் தூக்கினாள். அந்த உயரத்திலிருந்து பார்க்க அது தலைவர்கள் மக்களுக்குக் காட்டுகிற கை மாதிரியே இருந்திருக்க வேண்டும். கான்ஸ்டபிள் இன்னும் விறைப்பானார்.

மாருதி சரியாகி வந்தது. "அதை எடுக்கலையா?" என்று சுந்தரேசன் கேட்டார்.

"கிஷோர் வண்டி பேட்டரி போயிடும்ங்க."

"தினமுமா?"

"பெரிய பேட்டரி."

ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு கசப்பும் இருந்தது. சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து உதட்டுக்குள் எதையோ சொன்னார்கள். அவர்கள் சொல்வது ஆசீர்வாதம் இல்லை என்பது கண்ணாடி மூடியிருந்தாலும் தெரிந்தது. ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு நின்றால் யாரும் நம்பவில்லை. ஒரு நாள் ஜீப்ரா கிராசிங்கில் இரண்டு நர்சிங் மாணவிகளுக்காக வண்டியை நிறுத்தினாள். அவர்கள் நகரவில்லை. போங்கள் என்று கையைக் காட்டினாள். இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். இது என்ன புதுத் தந்திரமோ என்று ஒருத்தி மற்றவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அம்புஜம் கண்ணாடியை இறக்கி, "ஹோகம்மா, நான் நிக்கறேன்" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னாள். உள்ளே இருப்பது குங்குமப் பொட்டும் மூக்குக் கண்ணாடியும் என்று வெளியே தெரிந்ததோ இல்லையோ, பக்கத்து ஆட்டோ "பாம் பாம்" என்று ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கண்ணாடியை இறக்குவதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராஜலக்ஷ்மி எதிரே வந்தாள்.

ராஜலக்ஷ்மியும் அம்புஜமும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கிறவர்கள். அம்புஜத்துக்குச் சாரி எப்படியோ ராஜலக்ஷ்மிக்குச் சண்டை அப்படி. மர்பி டவுனில் ஒரு தையற்காரியிடம் பிளவுஸ் வாங்கிக்கொண்டு தன் சின்னச் சிவப்புக் காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். இருபுறமும் பைக்குகள் நிற்கிற ஒடுங்கிய தெரு. குறுக்கு வழி என்று நினைத்து அம்புஜம் அதே தெருவுக்குள் நுழைந்துவிட்டாள். நடுவில் மூக்கும் மூக்கும் முட்டின.

நியாயப்படி அம்புஜம்தான் பின்வாங்க வேண்டும். அவள்தான் இப்போது நுழைந்தவள். ஆனால் எப்படிப் பின்வாங்குவது? R என்ற எழுத்தின் பக்கம் அவள் கையே போகாது. சிவப்புக் காருக்குள் சிநேகிதியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ராஜலக்ஷ்மிக்குத் தெரிந்ததெல்லாம் வெயில் பட்டுப் பளபளக்கிற கண்ணாடியும் கொடிக்கம்பியும்தான். அவள் ஹாரன் அடித்தாள். அம்புஜம் அசையவில்லை. ராஜலக்ஷ்மி தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள். அம்புஜம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். ராஜலக்ஷ்மியின் பின்னாலிருந்த பைக்குகள் கறுப்பு வண்டியைப் பார்த்துத் தாமாகவே திரும்பிப் போயின. கடைசியில் ராஜலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு தெரு முழுவதும் ரிவர்ஸில் போனாள். முனையில் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியில் இடித்து, பின்விளக்கு உடைந்தது. அம்புஜம் கடந்து போகும்போது நன்றியோடும் வெட்கத்தோடும் கையைத் தூக்கினாள்.

மறுநாள் பூங்காவில் ராஜலக்ஷ்மி கொதித்தாள்.

"கையக் காட்டறாண்டி. போ போன்னு. நாய விரட்டற மாதிரி."

"ஆளப் பாத்தியா?" என்று அம்புஜம் மெதுவாகக் கேட்டாள்.

"பாக்காம? இந்தா தடி மீசை. கழுத்துல தாம்புக்கயிறு மாதிரி செயின். காதுல போன். பின்னாடி மூணு தடியனுங்க சிரிக்கறானுங்க."

இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்த சுந்தரேசனுக்குப் பெரிய இருமல் வந்தது. அம்புஜம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றது.

"இவனுங்களையெல்லாம் என்ன பண்றது சொல்லு" என்றாள் அம்புஜம்.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த மீசை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமாக ரோட்டில் அவளைப் பார்த்து யாரும் இவ்வளவு பயந்ததில்லை, இவ்வளவு கோபப்பட்டதும் இல்லை.

ராஜலக்ஷ்மி வண்டி நம்பரைப் பூங்கா நடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதற்குப் பிறகு தினமும் சேதி வந்தது. அந்த வண்டி குழுவில் ஒருவரான கோதண்டராமன் மேல் சேற்றை வாரி அடித்திருக்கிறது. கோயில் வாசலை மறித்து நின்றிருக்கிறது. எதிர்த்துக் கேட்ட ஒருவரை முறைத்திருக்கிறது. கோதண்டராமனுக்குச் சேறு பட்ட நேரத்தில் அம்புஜம் யாரோ ஒருவர் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் மாலையில் காபியோடு உட்கார்ந்து தன் அட்டூழியங்களை ஒவ்வொன்றாகப் படிப்பது அவளுக்கு ஒரு சுகமாகிவிட்டது. ஒரு நாள் தாங்க முடியாமல் தானும் ஒரு வரி எழுதினாள்: "நேற்று நானும் பார்த்தேன். பசு மாட்டுக்குக் கூட வழி விடவில்லை." அதற்குக் கோபமான முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"உனக்கே இது நல்லா இருக்கா?" என்றார் சுந்தரேசன்.

"இஸ்திரிக்காரரப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். அவர் வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ராஜிக்கு விளக்கு நான் மாத்திக் கொடுத்துடறேன், எப்படின்னு யோசிக்கறேன்."

யோசித்து முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. ஒரு மாலை அல்சூர் ஏரிப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ் நிறுத்தத்தின் ஒழுகுகிற கூரைக்கடியில் ராஜலக்ஷ்மி நின்றிருந்தாள். அவள் கார் விளக்கு மாற்ற ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. ஆட்டோக்கள் கேட்காதது மாதிரி போய்க்கொண்டிருந்தன. அம்புஜம் அவளைப் பார்த்தாள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே போய்விடலாம். கொஞ்சம் போகவும் செய்தாள். சிநேகிதியின் புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் போகத்தான் தெரியாதே. ஓரம் கட்டி, ஹாரனை இரண்டு தரம் அமுக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

ராஜலக்ஷ்மி நம்பரைப் படித்தாள். குடையை மடக்கினாள். மழையில் நனைந்துகொண்டே, குடையை ஈட்டி மாதிரிப் பிடித்தபடி, ஓட்டுநர் பக்கம் வந்து அதன் நுனியால் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏன்ரீ, ரஸ்தே நிம்ம அப்பந்தா?"

ரோடு உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்கிற அந்தக் கேள்விக்கு மேலும் பல கேள்விகள் தயாராக இருந்தன. கண்ணாடி இறங்கியது. குங்குமப் பொட்டும் மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன.

ராஜலக்ஷ்மி பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். தடியர்கள் இல்லை. மறுபடி அம்புஜத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"மீசை எங்கடி?" என்றாள்.

"ஏறு. நனையற."

ஏறுவது சுலபமாக இல்லை. படியில் கால் வைத்து, கைப்பிடியில் தொங்கி, "இழுக்காதடி, நானே வரேன்" என்று சொல்லி, ஒரு வழியாக உட்கார்ந்தாள். ஒரு சிக்னல் தாண்டும் வரை துப்பட்டி மாதிரி ஈரத் தலைப்பைப் பிழிந்தபடி இருந்தாள்.

"அன்னைக்கு ஏண்டி பின்னால போகல?"

"ரிவர்ஸ் வராது ராஜி."

"வராதுன்னா? கெட்டுப் போச்சா?"

"வண்டிக்கு வரும். எனக்கு வராது."

ராஜலக்ஷ்மியின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாளோ என்று அம்புஜம் பயந்து திரும்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் முன்னால் ஒரு வெள்ளைக் கார் சுற்றுமுற்றும் பார்க்காமல் நுழைந்தது.

"ஹாரன் அடி" என்றாள் ராஜலக்ஷ்மி.

"பாவம்டி, மழை."

"அடிடீ."

அம்புஜம் அடித்தாள். வெள்ளைக் கார் பதறி ஒதுங்கியது. ராஜலக்ஷ்மி சாய்ந்து உட்கார்ந்து, "ஏரியச் சுத்தி இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்றாள். போனார்கள். இறங்கும்போது விளக்குச் செலவை அம்புஜம் தருவதாகச் சொன்னதற்கு, "அத விடு, ஞாயித்துக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போ. ரிவர்ஸ் நான் போட்டுக்கறேன்" என்றாள். அன்று குழுவில் அவளே எழுதினாள்: "இன்றும் அந்த ரவுடியைப் பார்த்தேன். இப்போது பக்கத்தில் இன்னொருத்தன் வேறு. இவன் அவனைவிட மோசம்."

கிஷோர் ஊர் திரும்பியதும் சாவியை வாங்கிக்கொண்டான். அக்காவை ஒரு நாள் மல்லேஸ்வரத்துக்கு அழைத்துப் போனான். ஆட்டோக்கள் ஒதுங்கின, பஸ் ஒன்று நின்று வழிவிட்டது. கிஷோர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பெங்களூர் டிராஃபிக் மோசம்னு எல்லாரும் புலம்பறாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையேக்கா. பொறுமையா ஓட்டினா எல்லாரும் வழி விடறாங்க."

அடுத்த வாரம் அந்த வண்டி சர்வீசுக்குப் போயிருந்த நாளில் அவன் கம்பெனி கேபைத் தவறவிட்டுவிட்டு வந்து நின்றான். அம்புஜம் தன் மாருதிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எலெக்ட்ரானிக் சிட்டிதானே, பொறுமையா போய்ட்டு வா" என்றாள்.

சாயங்காலம் வெகுநேரம் கழித்துத் திரும்பினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் சாவி, மறு கையில் பக்கக் கண்ணாடி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. என் பாட்டுக்கு லேன்ல போறேன். ஏன் எல்லாரும் என்னையே திட்டறாங்க?"

அம்புஜம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு போனை எடுத்து ராஜலக்ஷ்மியை உடனே கிளம்பி வரச் சொன்னாள். அவள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் தம்பியிடம், "இப்ப சொல்லு. மொதல்ல யாரு திட்டினா?" என்று கேட்டாள்.