அமுதாவுக்கு எடுத்துவைத்த நாவல்

கைப்பேசியில் ஒரு நாவலைப் படித்து முடித்ததும், 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று பத்து நாவல்களின் அட்டைகள் வரிசையாக வந்து நின்றன. 'உங்களுக்காக' என்ற அந்தச் சொல் என்னைச் சின்னசேலத்து நூலகத்துக்கு இழுத்துப்போனது.

அப்போது எனக்கும் என் வகுப்புத் தோழி அமுதாவுக்கும் பதிமூன்று வயது. பழைய தாளும் பசையும் மணக்கும் அந்த அறைக்குள் அமுதா நுழைந்ததுமே, நூலகர் மேசை டிராயரிலிருந்து அவளுக்கென்று எடுத்துவைத்த நாவலை நீட்டுவார். என்னிடம், "அலமாரில போய்ப் பாரும்மா" என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அமுதா வரவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல் சார். புக்க என்னாண்ட குடுக்கச் சொன்னா" என்று பொய் சொல்லி நாவலை வாங்கிவந்தேன். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து முழுவதும் படித்தேன். செத்துப்போன தாயின் பேச்சை நினைத்து நினைத்து வாழும் ஒரு பெண்ணின் கதை அது. அமுதாவின் அம்மா இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாளே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அழுது வீங்கிய முகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"இத்த எழுதுனவங்களுக்கு எங்கம்மாவத் தெரியுமாடி? அதுல வர்ற அம்மா அப்படியே அவங்க மாரியே பேசறாங்க. நீ படிச்சியா?"

"இல்ல" என்றேன்.

உள்ளேயிருந்து என் அம்மா, "சோறு ஆறிப்போவுது, வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும், அவளுக்கென்றே ஒருவர் நாவல் தேடி எடுத்துவைக்கிறாரே என்று எனக்கு அமுதாமேல் பொறாமையாகத்தான் இருந்தது.