இடது கால்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாற்றம்தான். தப்பு இருந்தால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை மகள் என்னை ஒரு மாலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். குட்டி குட்டி மீன்கள் வந்து பாதத்தைக் கொத்துகின்றன. அழுக்குத் தோலைத் தின்றுவிடுமாம். "அப்பா, நீயும் ஷூவக் கழட்டிட்டு உக்காரு" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இன்னிக்கி தவக்கால வெள்ளி, சுத்தபோசனம்மா. மீனுக்கும் கறி ஆகாது" என்று சொல்லித் தப்பித்தேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வெயில் காலத்திலும் நான் ஏன் ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு அலைகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

கால், தண்ணீர், தவக்காலம். மூன்றும் சேர்ந்தால் எனக்கு எங்கள் பழைய கோவில்தான் ஞாபகம் வரும். நான் அப்போது நீலசந்திராவில் அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் பங்குக் கோவிலில் தமிழ், கன்னடம், கொங்கணி, மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபத்தில் பதினாலு ஸ்தலங்களில் ஒன்று தமிழில், அடுத்தது கன்னடத்தில், அதற்கடுத்தது கொங்கணியில். கொங்கணி வந்தால் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எப்போது முட்டி போட வேண்டும் என்று முட்டிக்கே தெரியும். ஒருசந்தி பிடித்தவர்களின் வெறும் வயிற்று மூச்சும் மல்லிகையும் மெழுகும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போது எங்கே தேடினாலும் அது கிடைக்காது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்தான் வேடிக்கை. ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி, பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஃபாதர் கால் கழுவுவார். எந்த மொழிக்கு எத்தனை நாற்காலி என்று, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். பாட்டிலும் பாகம் பிரித்திருந்தார்கள். தமிழ்க் காலுக்குத் தமிழ்ப் பாட்டு, கன்னடக் காலுக்குக் கன்னடப் பாட்டு. பாடகர் குழுத் தலைவர் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி, ஃபாதர் யார் காலுக்கு வந்திருக்கிறார் என்று பார்த்து கையைக் காட்டுவார். உடனே பாட்டு மாறும்.

எனக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் முலாம் பூசும் பிளேட்டிங் வேலை. இரும்புச் சாமானை ஆசிட் தொட்டியிலும் மருந்துத் தொட்டியிலும் முக்கி எடுக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். என் இடது பூட்ஸில் ஒரு கிழிசல். மாற்றிக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்கக் கூச்சம். கேட்காமலே வருஷங்கள் போயின. இடது பாதம் மஞ்சளும் கறுப்புமாகி, நகங்கள் கட்டையாகிவிட்டன. வலது கால் பரவாயில்லை, வெடிப்புதான்.

காக்ஸ் டவுனில் அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். தவக்காலத்தில் பெண் பார்க்கும் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால் அவர்கள் சும்மா பூசைக்கு வருவது மாதிரி பெரிய வியாழனுக்கு எங்கள் கோவிலுக்கு வந்து பையனைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா கோவிலின் மாதா சபையில் சொல்லி என்னைப் பன்னிரண்டு பேரில் சேர்த்துவிட்டாள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்காருவேனாம். "இன்னாடா இப்பிடி முழிக்கற? கால நீட்டு, வாயத் தொறக்காத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." அந்த மிச்சத்தில், நான் சூப்பர்வைசர் என்று அவர்களிடம் சொல்லியிருந்ததும் அடக்கம். அது எனக்குத் தெரியும்.

எங்கள் கோவிலில் கழுவுவது எப்போதும் வலது காலைத்தான். அந்தத் தவக்காலம் முழுக்க நான் வலது காலுக்கே உழைத்தேன். எலுமிச்சம்பழம், கல், விளக்கெண்ணெய். மற்றவர்கள் ஆத்துமத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு குதிகாலைப் பளபளப்பாக்கினேன்.

புதன்கிழமை ஒத்திகைக்கு, ஷிப்ட் இருந்ததால், போகவில்லை. ஃபாதருக்கு முட்டி வலி, திரும்பிக் குனிய முடியவில்லை, அதனால் எங்கள் பக்க வரிசையில் இடது கால் என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது பெஞ்சில் பெண் வீட்டார். நடுவில் அந்தப் பெண், நீல முக்காட்டில். தமிழர்களில் நான் கடைசி. முன்னால் எந்தக் காலைக் கழுவினார்கள் என்று கவனிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்குப் பக்கத்தில் சௌரப்பா அண்ணா, கன்னடக்காரர், கோவில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ஃபாதர் வந்து என் முன்னால் மெல்ல மண்டியிட்டார். நான் வலது காலை நீட்டினேன். அவர் விரல் மூடின இடது செருப்பில் கை வைத்தார். நான் இழுத்துக்கொண்டேன். அவர் பிடித்தார். தமிழ்க் கால் முடிந்துவிட்டது என்று நினைத்து பாடகர் குழுத் தலைவர் பாட்டை நிறுத்திவிட்டார். கன்னடப் பாட்டு இன்னும் எடுக்கவில்லை. அந்த அமைதியில், ஃபாதர் அங்கியில் புதிதாகக் குத்தியிருந்த மைக்கில், என் குரல் கோவில் முழுக்கக் கேட்டது:

"சாமி, அது இல்லீங்க. இந்தக் காலுதான் கழுவி வச்சிருக்கேன்."

பெரிய வியாழன் பூசையில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஃபாதர் மங்களூர்க்காரர், திக்கித் திக்கித்தான் தமிழ் பேசுவார். அவரும் சிரித்துக்கொண்டே, "கழுவின கால நான் எதுக்குப்பா கழுவணும்?" என்றார். சௌரப்பா அண்ணா என் தொடையைத் தட்டினார். "இர்லி பிடப்பா, காலு தானே" என்றார். இருக்கட்டும் விடு என்று.

செருப்பு கழன்றது. தண்ணீர் விழுந்தது. கறை போகுமா? துண்டால் துடைத்தார். விரல்களுக்கு நடுவிலும் துடைத்தார். பிறகு குனிந்து அந்தப் பாதத்தில் முத்தம் கொடுத்தார்.

பூசை முடிந்து முற்றத்தில் பெண்ணின் அப்பா வந்தார். இன்னும் செருப்பு போடாத என் இடது காலையே பார்த்துக்கொண்டு, "தம்பி, பொம்மசந்திராவுல எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

"சூப்பர்வைசருங்கண்ணா, எல்லாத்தையும் இவன்தான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"தொட்டில முக்கி எடுக்கற வேலைங்க" என்றேன். எப்படிச் சொன்னேனோ.

"அப்படியா. நல்லது" என்றார். அந்த நல்லதோடு எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்து "வரேங்க" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈஸ்டர் போனது, அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அக்கா பொருமினாள்: "வருஷம் பூரா தொறக்காத வாயி, அன்னிக்கிப் பாத்துத் தொறந்துச்சு. அதுவும் மைக்குல!"

அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது, என் மனைவி தங்கமானவள். கோவில் சிரித்ததையும் மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். மறக்க முடியாதது வேறு. ஒரு வயசான மனிதர், முட்டி வலியோடு, அம்மாகூடத் தொட யோசிக்கிற ஒரு காலில் உதட்டை வைத்தார். அந்த நேரத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்று பல தவக்காலம் யோசித்தேன். பத்துக் கட்டளைகளில் எந்தக் கட்டளைக்குக் கீழே இது வரும் என்று தெரியவில்லை.

இப்போது பெரிய வியாழன் பூசை மொழிவாரியாகத் தனித்தனி. தமிழ்க்காரர்கள் வெளியே வரும்போது கன்னடக்காரர்கள் உள்ளே போகிறார்கள், வாசலில் தலையாட்டிக்கொள்வதோடு சரி. நாற்காலிச் சண்டை இல்லை. கழுத்தை நீட்டிப் பார்க்க ஆள் வேண்டாம், பாட்டு வரிகள் திரையில் வருகின்றன. காலில் சொம்பால் தண்ணீர் ஊற்றி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு முத்தம் இல்லை. சௌரப்பா அண்ணா போய்ச் சேர்ந்துவிட்டார். ஃபாதர் மாற்றலாகி, ஊர்ப்பக்கம் ஏதோ ஓய்வு இல்லத்தில் இருந்து, அங்கேயே இறந்ததாகக் கேள்வி. குனிந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நடுமண்டையில் ஒரு வழுக்கை இருந்தது. அதுவும் ஓரக்கண்ணால் பார்த்ததுதான்.

எழுதி முடித்தது, ஆண்டவர் இறந்த பெரிய வெள்ளி காலை. கோவிலில் இன்று மணி அடிக்க மாட்டார்கள்.