ரெண்டு துண்டாப் போட்ட ஆத்தோரப் பாதை

எனக்கு வாய் நீளம்னு எங்க தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாமச் சொல்லுவாங்க. சொல்லட்டும். அது இல்லீன்னா நொய்யல் ஆத்தங்கரையில அந்தச் சரிவுப் பாதை வந்திருக்காது.

செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பிச்ச சமயம் அது. எங்க ஊட்டுக்காரர் பனியன் கம்பெனியில துணி பின்னற நிட்டிங் மிஷின் ஓட்டிட்டிருந்தார். ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வந்தவரை லோடு வண்டி ஒண்ணு தட்டிப்போட்டுப் போயிருச்சு. வலது கால்ல கம்பி வெச்சாங்க. தினமும் நடக்கோணும், இல்லீன்னா முட்டி மடங்காமயே போயிரும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். எங்க போய் நடக்கறது? வாசல் தாண்டினா ரோடு, ரோடு பூராவும் பண்டல் ஏத்துன டெம்போ. ஒருக்கா அடிபட்ட மனுசன், ஆரன் சத்தம் கேட்டாலே வாசல்ல இருந்து உள்ள வந்துருவார். கட்டில்லயே உக்காந்து டீவி பாத்துட்டுக் கெடந்தார். பேச்சும் கொறஞ்சு போச்சு. இப்படியே கட்டிலோட போயிருவாரோன்னு எனக்குப் பயம்.

எங்க தெரு முடியற எடத்துல, ஆத்தங்கரை மேல, முனிசிபாலிட்டி பூங்கா ஒண்ணு இருந்துச்சு. பேருக்குத்தான் பூங்கா, ஊஞ்சல்ல வெறும் கம்பி தொங்கும். அதே கரையில கெழக்க போனா நான் பனியன் செக்கிங் வேலை பாத்த கம்பெனி, அதை ஒட்டி ஒரு காலி மைதானம். ரெண்டுக்கும் நடுவுல சீமைக்கருவேல முள்ளும், கம்பெனிக கொட்டுன துணி வேஸ்ட்டும். ஆத்துத் தண்ணியோ, அன்னைக்குச் சாயப்பட்டறையில எந்தச் சாயம் போட்டாங்களோ அந்தக் கலர்ல ஓடும். அந்தக் கரையச் சுத்தம் பண்ணி, பூங்காவையும் மைதானத்தையும் ஒரே நடைபாதையாச் சேத்தி, மரம் வெச்சு பெஞ்சு போடலாம்னு கம்பெனிக்காரங்க சிலபேர் கெளம்புனாங்க. முனிசிபாலிட்டியும் சரின்னுருச்சு. கூட்டத்துல மொதல்ல கை தூக்குனது நான்தான். வண்டியில்லாத பாதை, அதுவும் எங்க தெருவுல இருந்தே. விடுவனா?

குப்பை அள்ளற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. பாதை போடறப்பத்தான் எங்க ஊர்ப் புத்தி வேலையக் காட்டுச்சு. நாங்க ஒரு பனியனையே ஒரே எடத்துல முடிக்க மாட்டோம். கட்டிங் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம், காஜா பட்டன் இன்னொரு பக்கம்னு ஜாப் ஒர்க்குக் குடுத்தே பழகுன ஊரு. பாதையையும் அப்படியே பிரிச்சுப்போட்டாங்க. பூங்காப் பக்கம் எங்க தெருக்காரங்க, மைதானப் பக்கம் கம்பெனிக்காரங்க. நடுவுல இருக்கற முள்ளுக்காட்டைக் கடைசியா வெட்டிக்கலாம்னுட்டாங்க. வெட்டிப் பாத்தா, எங்க பாதை கரை மேட்டுல நிக்குது, அவங்க பாதை தண்ணியோரமா வந்து நிக்குது. நடுவுல ஒரு ஆள் உயரம் பள்ளம்.

எல்லாரும் சிரியோ சிரின்னு சிரிச்சோம். ஆனா படி கட்டிட்டாச் சரியாப் போச்சுன்னு சொல்லி, செங்கல்லையும் எறக்குனப்ப எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. ஊனுகோல் வெச்சுட்டு எங்க ஊட்டுக்காரர் எப்படிப் படி ஏறுவார்? அந்தச் செங்கல் மேலயே போய் உக்காந்துட்டேன். ஒரு கம்பெனி மொதலாளி, ஒருத்தருக்காகக் கரையவே அறுக்க முடியுமான்னு கேட்டார்.

“ஒருத்தருக்கு இல்லீங்க. பகல் பூராவும் நின்னு வேலை செஞ்ச காலு பொழுதோட உங்க படியில ஏறுமுங்களா? நாளைக்கு நீங்களும் ஊனுகோலோட வருவீங்க, அப்ப என்னையத் திட்டாதீங்க.”

மனுசன் கோவிச்சுட்டுத்தான் போனார். ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமை பொக்லைன் வந்துருச்சு. மேட்டை நீளமா அறுத்து, ஏத்தம் தெரியாத மாதிரி சரிவு போட்டு, ஓரத்துல புடிச்சுக்கக் கைப்புடியும் வெச்சாங்க.

பாதை தொறந்ததும் பாக்கோணுமே! பொழைக்க வந்த தெக்கத்திக் குடும்பங்க, இந்திக்காரப் பசங்க, சுண்டல் வண்டின்னு பொழுதோட ஒரே சந்தோசம். சாயநாத்தம் அப்பப்ப அடிக்கும், யாரும் கண்டுக்கல. எங்க ஊட்டுக்காரர் மட்டும் வரல. கெஞ்சுனேன், கத்துனேன், கையப் புடிச்சு இழுத்தும் பாத்தேன். நாளைக்குப் பாக்கலாம்னு டீவி பக்கம் திரும்பிக்குவார். யாருக்குச் சரிவு போட்டாங்களோன்னு தெருப் பொம்பளைக கேலி வேற. கடைசியில கேக்கறதையே விட்டுட்டேன். மனசு விட்டுப் போச்சு.

அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு கம்பெனி கேட்டைத் தாண்டுறேன், மைதானத்துப் பெஞ்சுல அவர். ஊனுகோல் பக்கத்துல கெடக்கு, சட்டை பூரா வேர்வை. எனக்குப் பதறிப் போச்சு.

“ஏனுங்க, தனியாவா வந்தீங்க?”

“பின்ன? ஊரே கேக்கறாப்புல சண்டை போட்டு வாங்கியிருக்கற. வழியில விழுந்தா உன்ற மானம் போயிரும்னு பாத்துப் பாத்து வந்தேன்.”

அத்தனை மாசத்துல அவர் என்கிட்ட அவ்வளவு பேசுனதே இல்ல. நடுப்பாதையில, அத்தனை பேர் பாக்க, அழுதுட்டேன். அவர் பெஞ்சுல நகுந்து எடம் விட்டு, சித்த நேரம் உக்காருன்னார். எந்திரிச்சுத் திரும்புனப்ப, சரிவுல ஏற நான் கையக் குடுத்தேன். வேண்டாம்னு தலையாட்டிட்டு, கைப்புடியப் புடிச்சு மொதல் அடிய அவரே வெச்சார்.