மயிலுக்கு என்னாச்சு?

எதிர்வீட்டு பிரவீன் போன வாரம் முழங்கையில் கட்டோடு வந்து நின்றான். கிருஷ்ணன்கோவில் பக்கம் விடிகாலையில் சைக்கிள் ஓட்டப் போனவன் மேல் மயில் மோதிவிட்டதாம். ஹெல்மெட், கையுறை, கியர் சைக்கிள் எல்லாம் இருந்தும் மயிலுக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை. அவன் மேலிருந்து வந்த தைல வாசனை எனக்கு வேறொரு கையை ஞாபகப்படுத்தியது. இப்போதெல்லாம் ஞாபகங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எழுப்பி அனுப்ப எனக்குத் தெம்பில்லை.

நாங்களும் சைக்கிள்காரர்கள்தான். மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு, காலை ஷிப்டுக்கு, நானும் என் சிநேகிதன் ஞானராஜும் மிதிப்போம். அந்த ரோட்டில் எங்கள் மேல் மோதாத ஜீவன் குறைவு. கரிச்சான் குருவி குஞ்சு பொரித்திருக்கும் மாதங்களில் ஒரு புளியமரத்தைக் கடக்கும்போது மட்டும் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வோம், இல்லாவிட்டால் உச்சியில் கொத்து விழும். ஒருமுறை ஆட்டுக்குட்டி ஒன்று என் முன்சக்கரத்தில் வந்து விழுந்தது. குட்டிக்கு ஒன்றுமில்லை, என் முன்பல்தான் அரைப்பல் ஆனது. ராஜபாளையத்து வெள்ளை நாய் துரத்தி என்னை வாய்க்காலில் இறக்கிய கதையை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஞானராஜுக்கு மில் வேலை தற்காலிகம்தான். அப்பா, சித்தப்பா எல்லோரும் பட்டாளம். அவனுக்கும் ஆர்மி செலக்ஷன் வந்திருந்தது. வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அவன் அப்பா தன்னுடைய டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மகன் பெயரை எழுதி, பட்டாள நம்பருக்குக் கீழே இடம் விட்டு வைத்திருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. மாந்தோப்பிலிருந்து தாழப் பறந்து வந்த ஆண்மயில் நேரே அவன் நெஞ்சில் மோதியது. மயில் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், ஞானராஜ் நடுரோட்டில். வயலுக்குப் போனவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஓடிவந்தார்கள், மயிலிடம். ஒரு அம்மா முந்தானையில் முடிந்திருந்த விபூதியை அதன் தலையில் தூவினார். பால்கோவா கடைக்குப் பால் கொண்டுபோனவர் கேன் மூடியில் பாலை ஊற்றி அதன் முன்னால் வைத்தார்.

"ஏலே, முருகன் வாகனத்தப் போயி இடிச்சிருக்கியே" என்றார் ஒரு பெரியவர்.

மயில் பாலைத் தொடவில்லை. சற்று நேரம் முழித்துவிட்டு எழுந்து தோப்புக்குள் நடந்துவிட்டது. அதன் பிறகுதான் பால்காரர் அந்த மூடியை ஞானராஜிடம் நீட்டினார். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று தெரியாமல் அந்த அம்மா மிச்ச விபூதியை அவன் நெற்றியில் பூசினார். அவன் பாலைக் குடித்துவிட்டு வலது கையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுத்தில் பதிவாகிவிடும், பட்டாளத்துக்குத் தெரிந்துவிடும் என்று அவன் அப்பா பயந்தார். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் ரகசியமாகக் கூட்டிப்போனார்கள். எண்ணெயும் மூங்கில் சிம்புமாகத் தோள்பட்டைக் காறை எலும்பு கூடியது, கோணலாக. செலக்ஷனில் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். மெடிக்கலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், அதோடு முடிந்தது.

"மயிலப் பாத்தவிய என்னையும் செத்த பாத்திருக்கலாம்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். மில்லிலேயே ரிடையர் ஆனான். அந்தப் பெட்டியில் இப்போது கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்பருக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்களும் போயின. துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அன்று சாயங்காலம் ஞானராஜுக்குப் போன் செய்து பிரவீன் விழுந்ததைச் சொன்னேன். எடுத்த எடுப்பில், "மயிலுக்கு என்னாச்சு?" என்று கேட்டான்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரவீனுக்கு அது தெரியவில்லை என்றேன். வண்டிகள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்ததையும், கூட்டாளி கார் எடுத்துக்கொண்டு வரும்வரை அவன் தனியாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

"ஒருத்தரும் எறங்கலையா?"

"இல்லப்பா."

"மயிலப் பாக்கக்கூடவா எறங்கல?" என்றான்.